ட்ரையல் ஆட்டத்தில் தோற்ற அணிக்கு அந்த ஆண்டே சரியில்லை என்று சொல்லிவிட முடியுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி லீக் பருவம் மார்ச் மாத வாக்கில் தொடங்குகிறது. அதற்கு முன் பிப்ரவரியில் நடக்கும் ட்ரையல் ஆட்டங்களின் முடிவை வைத்துக்கொண்டு ரசிகர்கள் இவ்வளவு சண்டை போடுகிறார்களே, அவற்றுக்கு உண்மையிலேயே ஏதாவது மதிப்பு உண்டா?"

ஸ்கோருக்கு மதிப்பில்லை, ஆட்டத்துக்கு உண்டு என்பதுதான் என் பதில். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கைக்காசைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடியேறிய புதிதில் எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறெந்த விளையாட்டும் தெரியாது. அலுவலகத்தில் 'டிப்பிங்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் எந்தெந்த அணி வெல்லும் என்று எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும். பருவத்தின் முடிவில் கடைசி இடத்தில் இருப்பவர் அனைவருக்கும் தேநீரும் சிற்றுண்டியும் வாங்கித் தர வேண்டும். நான் பிப்ரவரி முழுவதும் ட்ரையல் ஆட்டங்களின் ஸ்கோர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, பெரிய வித்தியாசத்தில் வென்ற அணிகளையே முதல் ஐந்து வாரங்களுக்கும் தேர்ந்தெடுத்தேன். அந்த ஐந்து வாரங்களில் விழுந்த பள்ளத்திலிருந்து ஆண்டு முழுவதும் என்னால் ஏற முடியவில்லை. செப்டம்பரில் இருபத்திரண்டு பேருக்குச் சிற்றுண்டி வாங்கிக் கொடுத்தேன்.

ஏன் அப்படி ஆனது என்பதை, அடுத்த ஆண்டு ஒரு ட்ரையல் ஆட்டத்தை மைதானத்தில் நேரில் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். கொளுத்தும் பிப்ரவரி மாலை. புல்மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தோம். முதல் பாதியில் ஆட்டம் ஆட்டமாகவே இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கியபோது களத்தில் இருந்தவர்களின் முதுகில் 22, 25, 28 என்று எண்கள் தெரிந்தன. யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பாளர் ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த வேலையையே கைவிட்டுவிட்டார். அணியின் தாக்குதலை வழிநடத்தும் நட்சத்திர ஹாஃப்பேக் காலில் ரப்பர் செருப்பு, முழங்காலில் பனிக்கட்டிப் பை சகிதம் வேலியோரமாக நின்று, ஆட்டம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போதே, சிறுவர்களின் தொப்பிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஒருவரோ, எதிரணி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அதே அணிக்கு எதிராக ஒரு 'ட்ரை' போட்டதற்காகத் தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்த வருஷமும் இதே கதைதான்" என்று புலம்பினார். ஆட்டத்தை நடத்துபவர்கள் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது அந்த ரப்பர் செருப்பிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எங்களில் பாதிப் பேர் அதைப் படிக்கவில்லை.

விதிகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 2023-இல் இருந்த விதிகளின்படி, பருவத்தின் உண்மையான ஆட்டம் ஒன்றில் களத்தில் 13 பேரும் பெஞ்சில் 4 பேரும் இருப்பார்கள்; எண்பது நிமிடங்களில் எட்டு முறைதான் ஆள் மாற்ற முடியும். யாரை எப்போது களைப்பாறவிடுவது என்ற கணக்கே அங்கே பாதி ஆட்டம். ட்ரையலில் பெரும் பட்டாளமே சட்டை மாட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தக் கணக்குக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது. எனவே கடைசி இருபது நிமிடங்களில் விழும் ட்ரைகள், ஓர் அணியின் மூன்றாம் வரிசை இன்னோர் அணியின் மூன்றாம் வரிசையைவிடச் சற்று வேகமாக ஓடியது என்பதை மட்டுமே சொல்கின்றன.

இதை நம்பாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2023-ஆம் ஆண்டுதான். அந்த ஆண்டு என்.ஆர்.எல். நிர்வாகம், ட்ரையல் ஆட்டங்களுக்குக் கொஞ்சம் காரம் சேர்க்கலாம் என்று எண்ணி, அவற்றையெல்லாம் 'ப்ரீ-சீசன் சேலஞ்ச்' என்ற ஒரே போட்டியாக்கி, ஒரு லட்சம் டாலர் பரிசையும் அறிவித்தது. வெற்றிக்கு 12 புள்ளிகள். அதோடு ஐந்து ட்ரைகளோ அதற்கு மேலோ போட்டாலோ, தடுப்பு வரிசையை ஐந்து முறையோ அதற்கு மேலோ உடைத்தாலோ, எதிராளி பிடித்து நிறுத்தும் 'டாக்கிளில்' சிக்கிய நிலையிலேயே பந்தைச் சகாவுக்குத் தள்ளிவிடும் 'ஆஃப்லோடு' பத்தைத் தொட்டாலோ கூடுதல் புள்ளிகள். அதாவது ரசிகர்கள் எதைப் பார்த்துக் கைதட்டுவார்களோ, அதற்கெல்லாம் விலை வைத்தார்கள். பரிசை வென்றது மேன்லி அணி. அதே மேன்லி, பருவம் முடிந்தபோது 17 அணிகளில் 12-ஆவது இடத்தில் இருந்தது. இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை.

அதே பிப்ரவரியில், முந்தைய ஆண்டின் என்.ஆர்.எல். சாம்பியனான பென்ரித் அணி, இங்கிலாந்தின் சாம்பியனான செயின்ட் ஹெலன்ஸுடன் 'வேர்ல்டு கிளப் சேலஞ்ச்' ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே மோதி, கூடுதல் நேரத்தில் லூயிஸ் டாட் உதைத்த ஒற்றைப் புள்ளி டிராப் கோலில் 13-12 என்று தோற்றது. பென்ரித்தின் காலம் முடிந்தது என்று பேசியவர்களின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அக்டோபர் முதல் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் அதே அணி, பிரிஸ்பேனிடம் 24-8 என்று பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு 26-24 என்று வென்று, தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே போட்டியில் இங்கிலாந்தின் விகனிடம் 16-12 என்று மறுபடியும் தோற்றது. அக்டோபரில் மெல்பர்னை 14-6 என்று வீழ்த்தி நான்காவது கோப்பையையும் வென்றது. வேர்ல்டு கிளப் சேலஞ்ச் ஒரு பட்டத்துக்கான ஆட்டம், அதை ட்ரையலோடு சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்டால், அந்த ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அது எனக்கே சாதகமாக முடிகிறது: கோப்பையும் பெயரும் பணயமாக இருந்த பிப்ரவரி ஆட்டமே அக்டோபரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால், ரப்பர் செருப்போடு முடியும் ஆட்டம் என்ன சொல்லிவிடப் போகிறது?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு 'வெறும் ட்ரையல்தானே' கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் கட்சிக்காரர்களின் பேச்சு பாதி நேரம் தோல்வியை மறைக்கும் போர்வை. தங்கள் அணி வென்ற வாரத்தில் அவர்களே அந்த வாசகத்தை உச்சரிப்பதில்லை. ட்ரையல் ஆட்டத்தில் உயிரைக் கொடுத்து ஆடும் ஒரு கூட்டம் உண்டு. ஒவ்வொரு கழகத்துக்கும் முப்பது பேர் கொண்ட முதன்மைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஓரிரு இடங்களைப் பல கழகங்கள் நிரப்பாமல் வைத்திருக்கும். 'ட்ரெயின் அண்ட் ட்ரையல்' என்ற பெயரிலேயே ஒப்பந்தம் உண்டு. வெயில் காலம் முழுவதும் எங்களோடு ஓடு, ட்ரையலில் ஆடிக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்பதே அதன் சாரம். நான் மேலே சொன்ன மைதானத்தில், எண் 28 அணிந்த விங்கர் ஒருவன் வானுயரத்துக்கு வந்த பந்தைப் பிடிக்கத் தாவி, கைதவறவிட்டான். இருபது வயதுகூட இருக்காது. அடுத்த நிமிடமே அதே பக்கமாக அதே மாதிரிப் பந்தை எதிரணி மறுபடியும் உதைத்தது, வேண்டுமென்றேதான் உதைத்தார்கள். இரண்டாவதை அவன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மூன்று பேரை இழுத்துக்கொண்டே பத்து மீட்டர் ஓடினான். ஸ்கோர் பலகையில் எதுவும் மாறவில்லை. ஆனால் வேலியோரம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஹாஃப்பேக் பேனாவை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். அன்றைய ஆட்டம் அந்த ஒருவனுக்கு இறுதி ஆட்டத்துக்குச் சமம்.

காயம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். ட்ரையல் ஆட்டத்தில் அடுத்த நாள் செல்லுபடியாகும் ஒரே முடிவு அதுதான். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது 11 நாட்கள் விலகி இருக்க வேண்டும் என்ற விதி 2023-இல் என்.ஆர்.எல்.-இல் வந்த பிறகு, பிப்ரவரிக் கடைசியில் வாங்கும் ஓர் அடி முதல் சுற்றையே விழுங்கிவிடும். முழங்கால் தசைநார் அறுந்தாலோ ஆண்டே போயிற்று. இதற்கு மிகவும் கொடுமையான உதாரணங்கள் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில்தான் இருக்கின்றன; அங்கே ட்ரையலின் இடத்தில் உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள். 2015 செப்டம்பரில் இத்தாலிக்கு எதிரான அப்படி ஓர் ஆட்டத்தில் வேல்ஸ் தன் உதை மன்னன் லீ ஹாஃப்பென்னியை முழங்கால் காயத்துக்குப் பறிகொடுத்தது. 2023 ஆகஸ்டில், உலகக் கோப்பையைத் தன் மண்ணிலேயே நடத்தவிருந்த பிரான்ஸ், ஸ்காட்லாந்துக்கு எதிராகச் செயின்ட் எடியனில் 30-27 என்று வென்றது. ஆனால் பிரான்ஸின் ஆட்டத்தை வழிநடத்திய ரோமான் என்டமாக்கின் முழங்கால் அன்றோடு போயிற்று. இரண்டு மாதங்களுக்குப் பிறகு காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் பிரான்ஸ் தோற்றது ஒரே ஒரு புள்ளியில், 29-28. அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எவராலும் தீர்க்க முடியாத வழக்கு. ஆயினும் அந்த 30-27 வெற்றியை இன்று நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

அதே ஆகஸ்டில் நடந்த இன்னும் இரண்டு ஆட்டங்களைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. இரண்டும் லண்டன் ட்விக்கனம் மைதானத்தில், அடுத்தடுத்த நாட்களில் நடந்தன. 26-ஆம் தேதி ஃபிஜி 30-22 என்று இங்கிலாந்தை வரலாற்றில் முதன்முறையாக வீழ்த்தியது. உலகக் கோப்பையில் இங்கிலாந்து முதல் சுற்றோடு மூட்டை கட்டும் என்று ஆரூடம் சொல்லாத ஆளில்லை. அக்டோபர் 15 அன்று காலிறுதியில் அதே ஃபிஜியை 30-24 என்று தோற்கடித்த இங்கிலாந்து, கடைசியில் மூன்றாம் இடம் பிடித்தது. ஃபிஜியின் அந்த வெற்றிக்கு முந்தைய நாளான ஆகஸ்ட் 25 அன்று தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 35-7 என்று நசுக்கியது. நியூசிலாந்தின் ரக்பி வரலாற்றில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோல்வி அதுவரை நேர்ந்ததில்லை. ஸ்கோரை நம்பியவர்கள் இறுதி ஆட்டம் ஒருதலைப்பட்சமாக இருக்கும் என்று எண்ணியிருப்பார்கள். அக்டோபர் 28 அன்று அதே இரண்டு அணிகள் மோதியபோது, தலைவன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகும், நியூசிலாந்து 12-11 என்று ஒரே புள்ளியில்தான் தோற்றது.

ஆனால் அந்த 35-7 ஆட்டத்தில் கூர்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. ஆட்டத்துக்கு முன் வில்லி லெ ரூ விலக நேர்ந்தபோது, தென்னாப்பிரிக்கா அவர் இடத்தில் பந்தோடு ஓடும் இன்னொரு பின்வரிசை ஆட்டக்காரரைச் சேர்க்காமல், குவாகா ஸ்மித் என்ற, பந்துக்காக முட்டி மோதும் முன்வரிசைக்காரரைப் பெஞ்சில் உட்கார வைத்தது. எட்டு மாற்று ஆட்டக்காரர்களில் ஏழு பேர் முன்வரிசை, ஒருவர் மட்டும் பின்வரிசை. பின்வரிசையில் இரண்டு பேருக்கு அடிபட்டால் கதை கந்தல் என்று பலரும் முகம் சுளித்த அந்த ஏற்பாட்டையே அவர்கள் அயர்லாந்துக்கு எதிராகவும் செய்தார்கள், தோற்றார்கள். இறுதி ஆட்டத்திலும் செய்தார்கள், கோப்பையை வென்றார்கள். 35 என்ற எண்ணும் 7 என்ற எண்ணும் வீணாய்ப் போயின. பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்ற சின்னச் செய்தி இரண்டு மாதம் தாங்கியது.

ஆகவே இப்போதெல்லாம் ட்ரையல் ஆட்டம் என்றால் முதல் இருபத்தைந்து நிமிடங்களைக் கண்கொட்டாமல் பார்ப்பேன். மற்ற நேரத்தில் சிப்ஸ் வாங்கப் போய்விடுவேன். புதிதாக வந்த ஹாஃப்பேக்கும், அவரோடு சேர்ந்து தாக்குதலை நடத்தும் பழைய ஃபைவ்-எய்த்தும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே பந்தைக் கொடுத்து வாங்குகிறார்களா, பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்களா? பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுப்பதற்கு முன் கிடைக்கும் ஆறு டாக்கிள்கள் முடிவதற்குள் ஐந்தாவதில் யார் உதைப்பது என்பதில் குழப்பம் இருக்கிறதா? தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர் உள்ளே வந்து ஆளைப் பிடிக்கிறாரா, வெளியே நழுவிப் போகிறாரா. அவருக்குப் பக்கத்தில் நிற்பவரும் அதையே நினைக்கிறாரா? ஒரு பயிற்சியாளர் கோடை முழுவதும் எதைச் சொல்லிக் கொடுத்தார் என்பது இந்த இடங்களில்தான் தெரியும். இவற்றில் பிசகு இருந்தும் ஓர் அணி ட்ரையலில் முப்பது புள்ளி வித்தியாசத்தில் வெல்லலாம்; முதல் சுற்றில் அந்தப் பிசகு வழியாகவே எதிரணி உள்ளே நுழையும்.

என் பக்கத்து மேசைக்காரர் பாராமட்டா ரசிகர். அவருடைய அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1986-இல்; அந்த இறுதி ஆட்டத்தில் இரு தரப்பிலும் ஒரு ட்ரைகூட விழாமல் 4-2 என்று முடிந்தது என்பதை அவர் வாரம் ஒரு முறையாவது நினைவுபடுத்துவார். 2022-இல் இறுதி வரை வந்து, என்னுடைய பென்ரித்திடம்தான் 28-12 என்று தோற்றார்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவருடைய அணி ஒரு ட்ரையலில் வென்றதும், திங்கட்கிழமை காலை நீல மஞ்சள் துண்டோடு அலுவலகத்துக்கு வருவார். போன முறை நான் மேன்லி கதை முழுவதையும் புள்ளிவிவரத்தோடு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு ஜெயிக்கிறதுக்குக் கிடைக்கிற மாசம் இது ஒண்ணுதான், அதையும் பிடுங்காதே" என்ற பொருள்படச் சொல்லிவிட்டுத் துண்டை நாற்காலியின் முதுகில் போட்டார். முதல் சுற்றுக்கான டிப்பிங் தாளில் நான் பாராமட்டாவுக்கு எதிராகத்தான் எழுதினேன், அவரிடம் காட்டவில்லை.