குற்றவியல் படிக்க நினைக்கும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. தெருக்குற்றத்துக்கும் வன்முறைத் தீவிரவாதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயப்போகிறேன் என்று மகள் சொன்னதும் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது. துப்பாக்கி, உளவு என்றுதான் மனம் ஓடும். ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலோரின் அன்றாடம், உட்கார்ந்து பேசுவதும் கோப்பு படிப்பதும் அறிக்கை எழுதுவதும்தான்.

மகள் சொல்லும் தொடர்பு உண்மையில் இருக்கிறது. 2015 ஜனவரியில் பாரிஸில் தீவிரவாதத் தாக்குதல் நடத்திய அமெதி குலிபாலி, கொள்ளை வழக்கில் சிறை சென்றவன். அதே நாட்களில் இன்னொரு தாக்குதல் நடத்திய ஷெரிப் குவாஷியோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டது சிறையில். 2016இல் பிரஸ்ஸல்ஸில் தற்கொலைத் தாக்குதல் நடத்திய எல் பக்ராவி சகோதரர்களும் கொள்ளை, கார் பறிப்பு என்று தண்டனை பெற்றவர்களே. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த ஆண்டு ஐரோப்பிய ஜிகாதிகள் 79 பேரின் பின்னணியை அலசியபோது, 57 விழுக்காட்டினர் ஏற்கெனவே சிறை பார்த்தவர்கள் என்று தெரிந்தது. போலி ஆவணமும் ஆயுதமும் யாரிடம் கிடைக்கும் என்பது இத்தகையவர்களுக்கு முன்பே பழக்கம். அதைவிட முக்கியமானது மனசு. செய்த பாவத்துக்கெல்லாம் எங்களோடு சேர்வதே பரிகாரம் என்கிறான் தீவிரவாதக் கும்பலுக்கு ஆள்பிடிப்பவன். பழைய அடிதடியைக்கூட விடச் சொல்வதில்லை!

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. திருடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாளும் தீவிரவாதி ஆவதில்லை. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். "அப்போ அந்தச் சிலர் மட்டும் ஏன்?" என்று கேட்டால் துறை அவளுக்குப் பொருந்தும். ஒரு பேட்டையையோ மதத்தையோ கைகாட்டினால் கொஞ்சம் பொறுக்கட்டும்.

இளநிலையிலேயே 'தீவிரவாத ஆய்வு' என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேட வேண்டாம் என்பேன். உளவியல், சமூகப்பணி, குற்றவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் காலூன்றிவிட்டு, சிறப்புப் பாடத்தை முதுநிலையில் எடுக்கலாம். புள்ளியியலுக்குப் பயந்து ஓடக் கூடாது.

வேலை? சிறை உளவியலாளர், நன்னடத்தை அலுவலர், இளைஞர் பணியாளர். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், சிறார் குற்றத்தைத் தடுக்கப் பள்ளியும் சமூக சேவைத் துறையும் காவல்துறையும் சேர்ந்து நடத்திவந்த ஏற்பாட்டையே தீவிரவாதத் தடுப்புக்கும் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியில் 2000 முதல் 'எக்ஸிட்' அமைப்பு, ஹிட்லரின் கொள்கையைப் பின்பற்றும் நவநாஜிக் கும்பல்களை விட்டு வெளியேற நினைப்பவர்களுக்குக் கைகொடுக்கிறது. இத்தகைய அமைப்புகளில் நிதி திட்டத்துக்குத் திட்டம் மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சம்பளம் சீராக வர வேண்டுமென்றால் சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களைக் கவனிக்கும் வங்கிகளின் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. குலிபாலி தாக்குதலுக்கு முன் பொய்த் தகவல் கொடுத்து 6,000 யூரோ கடன் வாங்கியிருந்தான். அதுபோன்ற சின்னத் தொகைகளில் சந்தேகப்படக் கற்பதும் இந்தப் படிப்பின் பயன்தான்.

இப்போதைக்கு ஒரே ஒரு கண்டிப்பு. ஆர்வத்தில் தீவிரவாதப் பிரசுரங்களையும் காணொளிகளையும் அவள் வீட்டில் தனியாகத் தேடிச் சேர்க்கக் கூடாது. பிரிட்டன் உட்படச் சில நாடுகளில் சிலவகைப் பொருளை வைத்திருப்பதே குற்றமாகலாம். கல்லூரியில் சேர்ந்தபின், ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியோடும் வழிகாட்டியின் துணையோடும் பார்க்கட்டும்.