காது கேளாதவர் 112-ஐ எழுத்தில் அழைப்பது: கேரளா-தமிழ்நாடு எல்லையோர ஊர்களின் கேள்வி பதில்

வேலந்தாவளம்: எம் பொண்ணுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுங்க. 112-க்கு மெசேஜ் போட்டா எடுத்துக்குவாங்களா?

112 குரல் அழைப்புக்கு மட்டுமான எண் இல்லை. எஸ்எம்எஸ், மின்னஞ்சல், '112 இந்தியா' செயலி வழியாகவும் தகவல் கொடுக்கலாம். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுவே. செயலியை முதல் வழியாக வையுங்கள், இடமும் சேர்ந்தே போகும். எஸ்எம்எஸ் அப்படி இல்லை: நீங்கள் எழுதாவிட்டால் இடம் தெரியாது, நெரிசலில் தாமதமாகவும் சேரும். அதனால் அதே நேரத்தில் பேசத் தெரிந்த ஒருவருக்கும் செய்தி போகட்டும், அவர் 112-க்குக் கூப்பிடட்டும்.

கொழிஞ்சாம்பாறை: தமிழ்ல எழுதலாமுங்களா?

எழுதலாம், ஆனால் இடம் போதாது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து; தமிழிலோ மலையாளத்திலோ 70 தான். கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். உங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள்: கண்ணுக்கு 7 எழுத்து, கணக்கில் 14. எழுபதில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விட்டது! நீண்டால் துண்டு துண்டாகப் பிரியும், ஒரு துண்டு தங்கினால் மொத்தமும் குழம்பும். கேரளாவில் அந்தச் செய்தியை எடுத்துப் படிப்பவருக்குத் தமிழ் எழுத்து தெரியும் என்றும் நம்ப முடியாது.

ஆங்கில எழுத்தில், இந்த வரிசையில் எழுதுங்கள்: மாநிலம், மாவட்டம், ஊர், அடையாளம், என்ன நேர்ந்தது, கடைசியில் அழைக்க வேண்டாம் என்பது. மாதிரி: 'கேரளா பாலக்காடு கொழிஞ்சாம்பாறை, ரேஷன் கடை பின்புறம். ஃபயர். 2 பேர் உள்ளே. டெஃப், நோ கால், டெக்ஸ்ட் ஒன்லி.' விலாசத்தையும் கடைசியில் வரும் 'டெஃப்' வரியையும் இப்போதே வரைவாகப் போட்டு வையுங்கள். நேரும்போது நடுவில் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

மீனாட்சிபுரம்: மாநிலம் எதுக்குங்க, போனுக்கே தெரியாதா?

எல்லையில் போன் சில நேரம் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். வீடு கேரளாவில், டவர் தமிழ்நாட்டில் என்றால் அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகலாம். முதல் சொல்லே 'கேரளா' என்றிருந்தால், எடுப்பவர் வேறு பக்கம் மாற்ற வேண்டும் என்று உடனே புரிந்துகொள்வார்.

வாளையார்: 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி'ன்னு காட்டுது. எஸ்எம்எஸ் போகுமா?

போகாது. அவசர அழைப்பு எந்த நிறுவனத்தின் டவரிலும் ஏறும். எஸ்எம்எஸ்ஸுக்கு உங்கள் சிம் இயங்கும் சேவை வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்த சிம்மிலும் இதே தொல்லை. அங்கே 112-க்கு அழைத்து, பேச முடியாவிட்டாலும் லைனைத் துண்டிக்காமல் வையுங்கள். அருகில் ஆள் இருந்தால் போனை அவர் கையில் கொடுங்கள்.

கோபாலபுரம்: பவர் பட்டனை மூணு தடவ அமுத்தினா போதும்ங்கறாங்களே?

112-க்கான முறை அதுதான். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். ஆனால் எல்லா போனிலும் ஒரே மாதிரி நடக்காது. பல ஆண்ட்ராய்டில் இரண்டு தட்டுக்குக் கேமரா திறக்கும், அவசர உதவிக்கு ஐந்து தட்டு. செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி எஸ்ஓஎஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள், தொடர்பு எண்களையும் அங்கேயே சேருங்கள். பட்டன் பெரும்பாலும் குரல் அழைப்பையே தொடங்கும். எதிர்ப்பக்கம் மௌனம் மட்டும் கேட்டால் தவறுதலாக வந்தது என்று நினைக்கலாம், பட்டனோடு எஸ்எம்எஸ்ஸும் அவசியம்.

வேலந்தாவளம்: அவங்க திருப்பிக் கூப்பிட்டா?

திரும்ப அழைப்பது வழக்கம், இங்கேதான் பலதும் கெட்டுப்போகும். எடுக்காமல் விடாதீர்கள்; எடுத்து, உடனே 'டெஃப், டெக்ஸ்ட்' என்று இன்னொரு செய்தி போடுங்கள். அழைப்பு தெரிய அதிர்வையும் ஃப்ளாஷ் விளக்கையும் இயக்கி வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: ஒருக்கா அனுப்பிப் பாக்கலாமா?

112-க்கு வேண்டாம். வீட்டாருக்கு அனுப்பிப் பாருங்கள்: வரைவை எடுத்து அனுப்ப எத்தனை வினாடி, அவர் அதைப் படித்து வீட்டைக் கண்டுபிடிக்கிறாரா என்று.