ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கீபோர்டு வகுப்பு சரிப்படுமா?

மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். காரைக்குடியில் சேர்த்த இடத்தில் "சொன்னதைக் கேட்க மாட்டேங்கிறான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், பிள்ளை போக்கிலேயே சொல்லிக்கொடுத்தால் உருப்படியாக ஏதாவது வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். நானும் இங்கே வீட்டில் வைத்துக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளும் வருகிறார்கள். பிள்ளை போக்கில் என்றால் வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது இல்லை. எதை வாசிப்பது என்பது அவன் இஷ்டம். எந்த விரலில், எந்த வரிசையில் என்பது என் வேலை.

ஒரு பையன் வந்த புதிதில், ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் அடிக்குமே அந்த மணியோசை, அதைத் தவிர எதையும் வாசிக்க மாட்டான். "காசு கட்டி ஸ்டேஷன் மணியா அடிக்கிறான்?" என்று அவன் அப்பத்தாவுக்கு ஆதங்கம். நான் அதையே பாடமாக்கினேன். இடது கையில் வாசி, 1 கட்டை சுருதியில் (C-யை ஸ-வாக வைத்து) வாசித்ததை 2 கட்டை சுருதியில் (D-யை ஸ-வாக வைத்து) வாசி என்றேன். வெள்ளைக் கட்டைகளிலேயே முடிந்த மெட்டு இப்போது கறுப்பைக் கேட்டது. எந்தக் கறுப்பு என்று அவனே தேடிப் பிடித்தான். சுருதி மாற்றம் என்று பலகையில் எழுதி நடத்தியிருந்தால் எழுந்து ஓடியிருப்பான்.

தொடக்கத்துக்கு எனக்குப் பிடித்தது கறுப்புக் கட்டைகள்தான். ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ஸ-வுக்கும் அடுத்த ஸ-வுக்கும் இடையில், 5. இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்பதால் பார்வையில்லாத பிள்ளைகூடத் தடவியே இடம் கண்டுகொள்ளும். மூன்றில் முதலாவதை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் ஐந்தும் சேர்ந்து மோகன ராகம். அடுத்த கறுப்பிலிருந்து மத்தியமாவதி, அதற்கும் அடுத்ததிலிருந்து இந்தோளம். ஸட்ஜத்தை இடம் மாற்றினால் அதே ஸ்வரங்களில் வேறு ராகம் பிறக்கும்; கிரகபேதம் என்று பெரியவர்கள் சொல்வது இதுதான். நான் கீழே ஆதார ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மேலே அவன் எந்தக் கறுப்பைத் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. "தப்பு" என்று யாரும் சொல்லாத ஒரு வகுப்பு பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை.

ஒரு கை வராத பிள்ளைகளுக்கும் இடமுண்டு. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் கேட்டுக்கொண்டதால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடது கைக்கென்றே ஒரு பியானோ கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதினார். இரண்டு கை இருந்தால்தான் சேர்ப்போம் என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நம்மூருக்கென்று ஒரு சங்கதி. பழைய செட்டிநாட்டு வீட்டில் வகுப்பு என்றால் கூடத்தை ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். உயர்ந்த கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் திருப்பி அடிக்கும். சத்தம் ஆகாத பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால் அதற்கு அடம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். சின்ன அறையில் ஜமுக்காளம் விரித்து, ஒலியைக் குறைத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றுதான்: முதல் நாள் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று பையனிடம் கேட்கிறாரா, அல்லது அவனை விட்டுவிட்டு உங்களிடமே பேசுகிறாரா?

கிரேடு தேர்வுக்கு அவசரமில்லை. பின்னால் அவனே விரும்பினால் இசைத் தேர்வு நடத்தும் லண்டன் அமைப்புகளான டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டிலுமே மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். இப்போதைக்கு 61 கட்டை கீபோர்டு போதும். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதாகவும் ஹெட்போன் செருக இடமிருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள்.