செயின் எங்கே தொய்கிறது?

மதுரை விளக்குத்தூண் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்து 30 வருஷம் ஓடிவிட்டது. ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு அதே மேஜையில், அதே கண்லென்ஸோடு மாடல் டேங்க் ஒட்டுவேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, டேங்க் சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினைப் பற்றியவை. அதனால் விமான மாடல் ஒட்டுபவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமியா கம்பெனியின் 1/35 அளவு டி-55 டேங்க் கிட் வாங்கியிருக்கிறேன். பெட்டியில் வந்த வினைல் செயின் ரப்பர் பேண்ட் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. உலோகச் செயின் தனியாக வாங்கலாமா? கிட் விலைக்கே வருகிறதே! — கல்லூரி மாணவர், திருமங்கலம்

தம்பி, பணத்தை எடுக்கும் முன் அந்த வண்டியின் நிஜப் போட்டோ ஒன்றைப் பக்கவாட்டில் பாருங்கள். டி-55க்கு ஐந்து பெரிய சக்கரங்கள். செயினைத் தூக்கிப் பிடிக்க மேலே குட்டி உருளைகள் கிடையாது. இரும்புக் கண்ணிகளை வெறும் பின் போட்டுக் கோத்த செயின். அதன் எடையே அதைச் சக்கரத்தின் தலையில் உட்கார வைக்கிறது. மல்லிகைச் சரத்தை இரண்டு ஆணிக்கு நடுவே மாட்டினால் எப்படித் தொய்யும்? அதே வளைவுதான். இழுக்கிற பல்சக்கரம் இந்த வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. முன்னே ஓடி நின்றால் தரையை ஒட்டிய பகுதி இறுகி, மேல் பகுதி தளர்ந்துவிடும். ஆக, இந்த வண்டியின் அழகில் பாதி அந்தத் தொய்வில்தான். தொய்வில் டி-34, டைகர், பாந்தர் எல்லாம் இதே ஜாதி. இவற்றுக்கு உலோகச் செயின் வாங்கினால் காசு வீண் இல்லை. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், மாட்டிவிட்டால் தானே தொங்கும்.

ஷெர்மன் என்றால் ‘வேண்டாம்’ என்றே சொல்லியிருப்பேன். அதன் பின்களுக்கு ரப்பர் உறை உண்டு, மேலே தாங்கவும் உருளை உண்டு. செயின் விறைப்பாகவே ஓடும். நல்ல வினைல் போதும். செஞ்சுரியனுக்குப் பக்கவாட்டுத் தகடுகளை மாட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் லாபம்: மேல் பாதி யார் கண்ணிலும் படாது. படாத இடத்துக்கு நான் செலவு செய்வதில்லை. நானே ஒருமுறை செய்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

வாங்குவது என்று முடிவானால் கம்பெனிப் பெயரைவிடச் செயினின் ரகத்தைப் பாருங்கள். டி-55க்கு இரண்டு ரகம் உண்டு. பழையது ஓஎம்எஸ்ஹெச், வெறும் இரும்புப் பின். பிற்காலத்தது ஆர்எம்எஸ்ஹெச், பின்னுக்கு ரப்பர் உறை போட்டது. டி-72இல் பார்ப்பது இதைத்தான். பழையதை ஓட்டும் பல்சக்கரத்துக்கு 13 பல், புதியதற்கு 14. கிட்டில் உள்ள பல்லை முதலில் எண்ணுங்கள். ரகம் மாறினால் கண்ணி பல்லில் உட்காரவே உட்காராது. பார்சல் பிரித்த பிறகு யாரிடம் போய் அழுவது? இரண்டு ரகமும் நிஜத்தில் 580 மி.மீ. அகலம். 35ஆல் வகுத்தால் பதினாறரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் வேலை. ஹங்கேரியின் ஃப்ரியுல் போன்றவர்களின் ஒயிட் மெட்டல் செயின் தனித்தனிக் கண்ணியாக, கோத்துக்கொள்ளக் கம்பியோடு வரும். வாட்ச் செயினில் கண்ணி கழற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதைத் திருப்பிச் செய்வதுதான். என்ன, இங்கே இரண்டு பக்கமும் சேர்த்து 180. சில துளைகள் அடைபட்டிருக்கும். அரை மி.மீ. ட்ரில் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி விரலாலேயே திருகி எடுக்க வேண்டும். மெஷினில் போட்டால் பிட் முறியும் அல்லது துளை கோணும். இந்தப் பிட்டை ஹார்டுவேர் கடையில் தேடி அலையாதீர்கள். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்பவர்களிடம் கேளுங்கள். ஐந்தாறு பிட் சேர்த்து வாங்குங்கள், நிச்சயம் முறியும். கம்பியைச் செருகியதும் ஃபெவிகுவிக்கை ஊசி முனையில் தொட்டு வெளிப்பக்கத் துளையில் மட்டும் வையுங்கள். உள்ளே கசிந்தால் கண்ணி மடங்காது.

இன்னொன்று: உலோகச் செயின் கனக்கும். சக்கரத்தின் அச்சை அரைகுறையாக ஒட்டிவிட்டு அன்றைக்கே செயினை ஏற்றாதீர்கள். என் முதல் டைகர் அப்படித்தான் விடிவதற்குள் முன்சக்கரம் கழன்று மண்டியிட்டது.

கையில் பணம் இல்லையா? வினைலையே வைத்துக்கொள்ளுங்கள். செயின் மறைக்கும் இடத்தில், சக்கரங்களுக்கு நடுவே, வண்டியின் பக்கச் சுவரில் சின்னத் துளை போட்டுக் கம்பித்துண்டு செருகினால் அது செயினைக் கீழே அமுக்கிப் பிடிக்கும். சக்கரத் தலையில் ஒரு பொட்டுப் பசை. இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

ஒரு பக்கத்துக்கு எத்தனை கண்ணி போட வேண்டும்? ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். — உசிலம்பட்டி வாசகர்

டி-34க்கு 72, ஷெர்மனுக்கு 79, டி-55க்கு 90, டைகருக்கு 96. ஆனால் நிஜ வண்டியிலேயே பின் தேயத் தேயச் செயின் நீண்டு, கண்ணியைக் கழற்றிப் போடுவார்கள். கிட்டிலும் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். வாட்ச் செயினை எண்ணிக்கை பார்த்தா கட்டுகிறோம்? மணிக்கட்டைப் பார்த்துத்தானே. டி-34இல் மட்டும் ஒரு கவனம்: பல் உள்ள கண்ணி ஒன்று, பல் இல்லாதது ஒன்று என்று மாறி மாறி வரும். ஒற்றைப்படையில் முடித்தால் ஒரே மாதிரிக் கண்ணி இரண்டு அடுத்தடுத்து நிற்கும்.

ஆறாவது படிக்கும் மகனுக்கு முதல் டேங்க் வாங்கித் தந்தேன். தனிச் செயினும் வாங்கித் தரவா? — ஆசிரியை, மேலூர்

வேண்டாம் அம்மா. பெட்டியில் இருப்பதை மாட்டி உருட்டி விளையாடட்டும். அடுத்ததை அவனே கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது 3டி பிரிண்ட் செயின் வருகிறதே, அது எப்படி? — பழங்காநத்தம் வாசகர்

அச்சின் நேர்த்தி உலோகத்தையும் மிஞ்சுகிறது. சிலவற்றை ‘டிக்’ என்று அமுக்கினாலே கோத்துக்கொள்ளும். ஆனால் அது ரெசின் என்ற பிசினில் செய்தது, நொறுங்கும் சாமான். வெயில் பட்டால் இன்னும் மோசம். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். எடை இல்லாததால் தானே தொய்யாது, ஒட்டித்தான் அமுக்க வேண்டும். தேய்த்தால் வரும் தூள் மூக்குக்கு ஆகாது. நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

பழைய வினைலுக்கும் வெயில் எதிரிதான். தகரக் கூரை அறையில் ஒரு மே மாதம் முழுக்கக் கிட் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தேன். திறந்தால் செயின் பட்ட இடமெல்லாம் சக்கரம் உருகிக் குழிந்திருந்தது. வினைலில் உள்ள எண்ணெய் போன்ற பொருள் பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது. இப்போதெல்லாம் செயினைத் தனிக் கவரில் போட்டுத்தான் வைக்கிறேன்.

செயினுக்குத் துரு நிறம் அடித்தேன். செங்கல் மாதிரி இருக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். — வாடிப்பட்டி வாசகர்

நண்பர்கள் சொல்வது சரி. செந்துரு, நிறுத்தி வைத்த வண்டியில்தான் ஏறும். ஓடுகிற செயின் கரும்பழுப்பு. தரையில் தேயும் மேடுகளும் சக்கரம் உருளும் உள்தடமும் வெள்ளி மாதிரி பளபளக்கும். இங்கேதான் ஒயிட் மெட்டல் ஜெயிக்கிறது: பெயின்ட் காய்ந்ததும் நைஸ் எமரித் தாளால் மேட்டை லேசாகத் தேய்த்தால் நிஜ உலோகமே எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக்குக்குப் பென்சில் கரியை விரலால் தேயுங்கள், முக்கால்வாசி வந்துவிடும். ரப்பர் கட்டை வைத்த ஷெர்மன் செயினில் ரப்பருக்குத் துரு அடிக்காதீர்கள். ஓரத்து இரும்பு இணைப்புகள் மட்டும்தான் மின்னும். சேறு பூசுவதானால் அந்த வண்டி சண்டை போட்ட மண்ணின் நிறம் வேண்டும். நம்ம கரிசலை ரஷ்ய டேங்கில் அப்பி ஒருவர் எனக்குப் போட்டோ அனுப்பியிருந்தார், பாசத்தில்.

உங்கள் பக்கம் கண்மாய் தூர்வாரச் செயின் வண்டி வரும், ஊரில் ஹிட்டாச்சி என்பார்களே, அது. சாயங்காலம் வேலை முடிந்து நிற்கும்போது போய்க் குனிந்து பாருங்கள்: எங்கே மின்னுகிறது, எங்கே மண் அப்பியிருக்கிறது, மேல் செயின் எவ்வளவு தொய்கிறது. ஆபரேட்டருக்கு ஒரு டீ சொன்னால் போட்டோவும் எடுக்க விடுவார். எஞ்சினை அணைத்த பிறகு மட்டும் கிட்டே போங்கள்.