ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தால் மீதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்பில் ஊகிக்கும் வேர்டில் விளையாட்டை ஆடும்போது இரண்டு எழுத்து மஞ்சளாகிவிடுகிறது (எழுத்து சொல்லில் உண்டு, ஆனால் இடம் தவறு; இடமும் சரியென்றால் பச்சை), அதற்கு மேல் ஒன்றும் ஓட மறுக்கிறது, தேடித் தரும் தளத்தைத் திறக்காமல் சொல்லைப் பிடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. சில வருடங்களாகக் காலைக் காபியோடு இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் ஆங்கில எழுத்துகளில் சில ஒன்றாகிவிடும். ஆகவே இந்தப் பதிலில் 'டி' என்று வந்தால் அது டைகருக்கு உரிய டி. 'பி' இரண்டுமே வரும். அவற்றை பஸ் பி, பென் பி என்று பிரித்துக்கொள்ளலாம்.

எழுத்துகளைத் தனித்தனியாகக் கட்டங்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஐந்து கட்டத்தில் இரண்டு எழுத்தை 20 விதமாக வைக்கலாம். மீதி மூன்று கட்டத்துக்கும் 26 எழுத்தை முயன்றால் விடிந்துவிடும். எழுத்தைத் தேடாதீர்கள், எழுத்துக்குப் பக்கத்தில் யார் உட்காருவார் என்று தேடுங்கள். பள்ளியில் மொழி முதல் எழுத்து, மெய்ம்மயக்கம் எல்லாம் படித்தோமே, அதுதான். நன்னூல் கணக்கில் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருபவை 22 எழுத்துதான். 'ங்' வந்தால் அடுத்தது 'க' வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஆங்கிலத்துக்கு இதை யாரும் நமக்குச் சூத்திரமாகச் சொல்லித் தரவில்லை, ஆனால் பழக்கம் அங்கேயும் இருக்கிறது. கியூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வரும். வி, ஜே இரண்டும் கடைசிக் கட்டத்துக்கு அநேகமாகப் போகாது. ஒய்க்குக் கடைசிக் கட்டம் பிடிக்கும். ஹெச் கிடைத்தால் கொண்டாடுங்கள்: அது சொல்லின் தலையில் நிற்கும், இல்லையென்றால் பெரும்பாலும் சி, எஸ், டி, ஜி என்று யாராவது ஒருவர் தோளில் தொங்கும். உயிரெழுத்து ஐந்தையும் போட்டும் ஒன்றும் நிறம் மாறவில்லையா? ஒய் நடுவில் ஒளிந்திருக்கிறது. கிரிப்ட், நிம்ஃப், ட்ரிஸ்ட் மாதிரி.

இன்னொன்று, காதை நம்பாதீர்கள். நாம் ஒலியை எழுத்தாக்கிப் பழகியவர்கள். இரவு என்று பொருள்படும் 'நைட்' காதில் விழும்போது ஜி, ஹெச் இரண்டும் விழுவதே இல்லை. அந்த நான்கெழுத்து வாலை (ஐ, ஜி, ஹெச், டி) கண்ணால்தான் நினைவில் வைக்கவேண்டும்.

சரி, ஓர் ஆட்டம். முதல் சொல்லாக 'முறைத்துப் பார்' என்று பொருள்படும் ஸ்டேர் போடுகிறேன்: எஸ், டி, ஏ, ஆர், இ. டியும் ஏயும் மஞ்சள், மற்ற மூன்றும் போய்விட்டன. ஏ நடுவில் இல்லை, டி இரண்டாவதில் இல்லை. ஏயை இரண்டாவது கட்டத்தில் வைத்துப் பாருங்கள். டி மூன்றாவதில் வந்தால் பின்னால் சி, ஹெச் ஒட்டிக்கொள்ளும். டி கடைசியில் வந்தால் அதற்கு முன் என் அல்லது எல்: ஹான்ட், ஃபால்ட், வால்ட். ஏ நான்காவது என்றால் கடைசியில் எல்: டோட்டல், வைட்டல், ஃபேட்டல். ஏ முதலில் என்றால் அபவுட், ஆடிட். அரை நிமிடத்தில் நான்கு குடும்பம் கைக்கு வந்துவிட்டது. எங்கும் ஒரு தனி எழுத்தைத் தேடவில்லை.

இதே ஆட்டத்தில்தான் என் 48 நாள் வெற்றித் தொடர் ஒருமுறை அறுந்தது. இரண்டாவதாக மேட்ச் போட்டேன், பின் நான்கெழுத்தும் பச்சை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முதல் எழுத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் பாருங்கள்: பந்தைப் பிடிக்கிற கேட்ச், குஞ்சு பொரிக்கிற ஹேட்ச், தாழ்ப்பாளான லேட்ச், கையில் கட்டும் வாட்ச், கூட்டமாக வரும் பேட்ச், கிழிசலில் ஒட்டும் பேட்ச். ஆறு சொல், நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டேன், வாட்ச் வரவே இல்லை. அன்றைய விடை அதுதான்.

செய்திருக்கவேண்டியது வேறு. விடையாக இருக்கவே முடியாத 'பிளிம்ப்' என்ற சொல்லை மூன்றாவதாகப் போட்டிருக்கவேண்டும். காற்றடைத்த வான்கப்பலுக்கு அந்தப் பெயர். அதில் பஸ் பி, எல், பென் பி மூன்றும் இருக்கின்றன. ஏதாவது ஒன்று நிறம் மாறினால் விடை தெரிந்துவிடும். ஒன்றும் மாறாவிட்டால் மிச்சம் மூன்று சொல், வாய்ப்பும் மூன்று. கடின முறையில் ஆடுகிறவர்களுக்கு இந்த வழி கிடையாது, ஏனென்றால் தெரிந்த எழுத்துகளை விட்டுவிட அது அனுமதிக்காது. அவர்கள் இந்தக் குடும்பத்துக்குள் சீக்கிரம் நுழையாமல் இருப்பதே நல்லது.

அப்புறம், அபூர்வமான சொல்லைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம். வேர்டிலை உருவாக்கிய ஜாஷ் வார்டில், தன் துணைவி பாலக் ஷாவுக்காகத்தான் செய்தார். சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து தெரிந்த சொற்களை மட்டும் பாலக் ஷாதான் பொறுக்கி ஏறக்குறைய 2,500 ஆக்கினார். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய பிறகும் அந்தப் போக்கு பெரிதாக மாறவில்லை. எஸ் போட்டுப் பன்மையாக்கிய சொற்கள் விடையாக வருவது மிக அபூர்வம். அதனால் எஸ்ஸைக் கடைசியில் வைத்து வீணாக்காமல் முதலில் வைத்துப் பாருங்கள். பழைய விடைப் பட்டியலில் எஸ்ஸில் தொடங்குபவை 360-க்கும் மேல்.

இயந்திரமே தேடட்டும் என்றால் ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளத்தில் தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டால் போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கிரெப் என்ற தேடல் கட்டளை இருக்கிறது. அதில் ஒரு புள்ளி ஓர் எழுத்துக்குச் சமம், ^.....$ என்று கொடுத்தால் சொற்பட்டியலில் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் அத்தனையும் கொட்டும். நான் ஆட்டம் முடிந்த பிறகுதான் அதைத் திறப்பேன், எவை தப்பின என்று பார்க்க. உல்லாசப் பயணத்துக்கு ஜான்ட் என்று ஒரு சொல் இருப்பதே அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.