பரணில் கிடக்கும் ப்ரொஜெக்டர்: கேள்வி உங்களுடையது, பதில் மெக்கானிக்குடையது

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டரில் 2009-ல் வாங்கிய ப்ரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டருக்கான வி.ஜி.ஏ ஒயர் மட்டும்தான் சொருகலாம். பகலில் படம் வெளிறிப்போய்த் தெரிகிறது, மேல் மூலையில் மஞ்சள் திட்டு வேறு. பல்பு மட்டும் இன்னும் எரிகிறது. பழைய இரும்புக் கடைக்காரர் 300 ரூபாய் தருகிறேன் என்கிறார். போட்டுவிடலாமா, வேறு எதற்காவது ஆகுமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: போட்டுவிடாதீர்கள், டீச்சர்.

மதுரையில் பன்னிரண்டு வருஷம் கல்யாண மண்டபங்களுக்கு ப்ரொஜெக்டர் வாடகைக்கு விட்டவன் நான். எல்.இ.டி வால் என்கிற பெரிய திரை வந்தது, தொழில் படுத்தது. மூன்று மிஷினும் பரண் ஏறின. ஒன்றை டிவியாக ஓட்டலாமே என்று நானும் பார்த்தேன். இப்போதைய எச்.டி.எம்.ஐ ஒயரை வி.ஜி.ஏ ஆக்கும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், படமும் வரும். ஆனால் ஓ.டி.டி படங்களில் பாதிக்குத் திரை கறுப்பாகவே நிற்கும். காப்பி எடுக்காமல் தடுக்கும் பூட்டு அது, வி.ஜி.ஏ வழியாக விடாது. சத்தத்துக்குத் தனி ஒயர், காதருகே இரைகிற ஃபேன், பகலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை. டிவி ஆசையை விட்டுவிடுங்கள்.

அந்த மிஷினுக்குப் படம் காட்டத்தான் தெம்பு இல்லை. மேலே வரைந்துகொள்ளக் கோடு காட்டுவதற்கு இன்றைக்கும் அதை விட்டால் ஆள் இல்லை. உங்களுடையது அனேகமாக 1024-க்கு 768 புள்ளி இருக்கும். எட்டடி அகலத்துக்குச் சுவரில் விரித்தாலும் ஒரு புள்ளி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது. பெயின்ட் பிரஷ் கோடே அதைவிடத் தடிமன். மஞ்சள் திட்டு, உள்ளே படத்தை உருவாக்கும் பேனலும் அதை ஒட்டிய ஃபில்டரும் சூட்டில் கெட்டதால் வருவது. கோட்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் வீட்டு அம்மா. அவருக்கு ஆரி வேலை, கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை. டிசைனை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொத்துப் பொத்து ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில் வெள்ளைப் பவுடர் குழைத்து மேலே தேய்த்துத் துணியில் இறக்க வேண்டும். ஒரு கல்யாண பிளவுஸின் முதுகு மயிலுக்கு அரை நாள் ஓடிவிடும், வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. "மண்டபத்துல சுவத்துல மயில் காட்டுனீங்களே, துணியில காட்டக் கூடாதா?" என்றார். பரணில் ஏணி போட்டேன்.

துணி கட்டிய ஃப்ரேம் தரையில் படுத்திருக்கிறதே என்று முதல் நாள் மிஷினை மூக்கு கீழே பார்க்கும்படி கட்டித் தொங்கவிட்டேன். பத்தே நிமிஷத்தில் சிவப்பு விளக்கு எரிந்து தானாக அணைந்துவிட்டது. இந்த பல்புகள் மிஷின் மட்டமாக இருந்தால்தான் சூட்டைச் சரியாக வெளியே தள்ளும். அப்புறம் ஃப்ரேமைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தி, மிஷினை எதிரே ஸ்டூலில் வைத்தேன். மயில் வந்தது, ஆனால் மேலே பெருத்து, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. லென்ஸ் நேராகப் பார்க்கவில்லை என்றால் அப்படித்தான். மெனுவில் கீஸ்டோன் என்று இருப்பதைத் தட்டினால் ஓரளவு சரியாகும், அதைவிட ஸ்டூலுக்கு அடியில் ரெண்டு நோட்டுப் புத்தகம் வைப்பது மேல். முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் துணியில் விழ வையுங்கள். கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதுபோல நாலு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். பக்கம் நாலும் 10, மூலைவிட்டம் இரண்டும் 14.1 வந்தால்தான் பென்சிலைக் கையில் எடுக்க வேண்டும்.

அடுத்து வந்தது நிழல். வலது கையால் வரைகிறவருக்கு மிஷின் இடது பக்கம் சற்று உயரத்தில் இருந்தால் கை நிழல் கோட்டின் மேல் விழாது, நகர்த்தியபின் சதுரத்தை மட்டும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடு போட்டால் மெரூன் பட்டில் ஒன்றும் புலப்படாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாகப் படத்தை மாற்றினோம், மயில் மட்டும் துணியில் எரிந்தது. வெள்ளைப் பென்சிலால் அம்மா இருபது நிமிஷத்தில் இழுத்து முடித்தார். இப்போது அந்த மிஷினை நான் தொட்டால் கணக்குக் கேட்கிறார்.

உங்கள் சென்டருக்குச் சுவர்தான் தோது. எங்கள் அக்கா பையன் வேலை பார்க்கும் பள்ளியில் இந்திய வரைபடம் போடக் கூப்பிட்டார்கள். ராத்திரி ஏழு மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வரைந்தோம். பாதியில் ஒரு பொடியன் மேஜையில் இடித்துவிட்டான். கவனிக்காமல் வரைந்துகொண்டே போனதில் கன்னியாகுமரி நாலு விரற்கடை மேற்கே போய்விட்டது. ஆகவே, ஆரம்பிக்கும் முன்பே படத்தின் நாலு மூலையையும் சுவரில் பென்சிலால் குறித்துவிடுங்கள், மேஜைக் காலைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். படம் எவ்வளவு அகலமோ அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் அந்தக் காலத்து மிஷின்கள் கேட்கும். அறை அதற்குப் போதுமா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

நவராத்திரிக்குக் கொலுவின் பின்னால் பட்டர் பேப்பர் கட்டி, அதற்குப் பின்னாலிருந்து கோபுரம் காட்டலாம். மெனுவில் ரியர் என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து இடம் வலம் மாறும். வாசலில் கோலத்தை ஒளியாக விழ வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விரல் போடவேண்டிய கோலத்தை விளக்கு போடுவானேன்?

ஒன்றை மறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆஃப் பட்டனை அழுத்திவிட்டு, ஃபேன் தானாக நிற்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி: என்னுடையதில் பல்பு போய்விட்டது. கடையில் எல்.இ.டி பல்பு மாற்றித் தருகிறேன் என்கிறார்கள். நம்பலாமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: வேண்டாம். பழைய பல்பு எரிகிறது என்ற சிக்னல் உள்ளே கிடைக்காவிட்டால் மிஷினே எழுந்திருக்காது. அதை ஏமாற்ற கையை உள்ளே விட்டால், பல்பைப் பற்றவைக்கும் சர்க்யூட்டில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஓடும். உங்கள் பல்புக்குள் பாதரசம் உண்டு, உடைத்துப் பார்க்காதீர்கள். தெரியாமல் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். மின்கழிவு வாங்குகிற இடத்தில் பல்பையும் மிஷினையும் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் லென்ஸை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள், நாலு திருகுதான். வெயில் நேரத்தில் அறையை இருட்டாக்கி, ஜன்னலை ஒரு இடுக்கு மட்டும் திறந்து, லென்ஸின் முன்பக்கம் தெருவைப் பார்க்கும்படி பிடியுங்கள். பின்னால் வெள்ளைத் தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். என் பேத்திக்குக் காட்டியபோது எதிர்வீட்டுத் தென்னை தலைகீழாக, ஓலை ஆடுவது உட்பட, தாளில் வந்து நின்றது. தாளைத் திருப்பிப் பிடித்தால் நேராகிவிடும் என்று அவள் இன்னும் திருப்பிக்கொண்டே இருக்கிறாள்.