நிறுவனம் கைமாறியது, ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள்: ஓர் ஆர்.ஜே.வின் கேள்வி

கேள்வி: கோவையில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் 18 வருடமாக ஆர்.ஜே.வாக இருக்கிறேன். காலை நிகழ்ச்சி என்னுடையது. சமீபத்தில் நிறுவனத்தை வேறொருவர் வாங்கிவிட்டார். புதிய நிர்வாகம் இரண்டு தாள்களை நீட்டுகிறது. ஒன்று, "சொந்தக் காரணங்களுக்காக" ராஜினாமா செய்கிறேன் என்ற கடிதம். மற்றது, ஒரு வருட 'கன்சல்டன்ட்' ஒப்பந்தம். அதில் என் குரலை ஏ.ஐ. மூலமும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. எனக்கு அங்கே தொடர விருப்பமில்லை. ஆனால் வேலையை விட்டபின் ஒரு வருடம் தமிழ்நாட்டில் வேறு வானொலியில் சேரக்கூடாது என்று பழைய நியமனக் கடிதம் சொல்கிறது. என் வானொலிப் பெயரும் நிகழ்ச்சியின் பெயரும் தங்களுக்கே சொந்தம் என்கிறார்கள். நேயர்களிடம் விடைபெற ஒரு நிகழ்ச்சி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு தாளிலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியேறுவது உங்கள் முடிவாக இருந்தாலும், அவர்கள் எழுதிக் கொடுத்த வாசகத்தில் வெளியேற வேண்டியதில்லை.

முதலில் உங்கள் முதலாளி உண்மையிலேயே மாறிவிட்டாரா என்று பாருங்கள். எஃப்.எம். உரிமம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒரு நிறுவனத்தின் பெயரில் தருவது. அந்த நிறுவனத்தின் பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால், சட்டத்தின் பார்வையில் உங்களுக்கு வேலை கொடுத்தவர் அதே நிறுவனம்தான். உங்கள் நியமனக் கடிதம், 18 வருட சர்வீஸ் எல்லாம் அப்படியே நிற்கும். புதிதாக ராஜினாமா செய்து புதிதாகச் சேர வேண்டிய தேவையே கிடையாது. சம்பளச் சீட்டிலும் பி.எஃப். பாஸ்புக்கிலும் உள்ள நிறுவனப் பெயரையும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ள விவரத்தையும் ஒப்பிட்டால் ஓரளவு தெரிந்துவிடும். நிலையத்தையே வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால் கதை வேறு. திவால் நடவடிக்கை மூலம் விற்றிருந்தால் இன்னும் அவசரம். 2024-ல் பிக் எஃப்.எம். அப்படித்தான் கைமாறியது. அந்த வழியில் விற்பனைக்கு முந்தைய பாக்கியை உரிய அதிகாரியிடம் கோரிக்கையாகப் பதிவு செய்யாமல் விட்டால், நிறுவனத்தைப் புதியவர் எடுத்துக்கொள்ளும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபின் அவரிடம் கேட்பது மிகக் கடினம்.

அடுத்து, அவர்கள் ஏன் ராஜினாமா கேட்கிறார்கள்? நீங்களாகப் போனால் நோட்டீஸ் காலத்தை முடித்துக்கொடுப்பது உங்கள் பொறுப்பு. அவர்கள் அனுப்பினால், நியமனக் கடிதப்படி நோட்டீஸோ அதற்கான சம்பளமோ அவர்கள் தர வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆட்குறைப்பு இழப்பீட்டுச் சட்டத்தை நான் பெரிதாக நம்பச் சொல்ல மாட்டேன். அது 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கானது. 2001-ல் பாரத் பவன் வழக்கில், நாடகக் கலைஞர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.ஜே.க்களுக்கு எதிராகவும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆனால் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது அது. விளம்பர வருமானத்தில் நடக்கும் நிலையம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று வாதிடலாம். மேல்முறையீட்டுக்கு அவகாசம் குறைவு என்பதால், நீக்கக் கடிதம் வந்தால் அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, இந்தத் 'தொழிலாளர்' சிக்கல் இல்லை. ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு, உச்சவரம்பு 20 லட்சம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், படிகள் (அலவன்ஸ்) மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் போனால் அந்த உபரியைச் சம்பளமாகக் கருதச் சொல்கின்றன. மொத்தம் 80,000, அதில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். பழைய பழக்கப்படி 30,000-க்குக் கணக்குப் போட்டால் 18 வருடத்துக்குச் சுமார் 3,11,500 வரும். புதிய கணக்கில், 50,000 படியில் பாதிக்கு மேல் போன 10,000-ஐயும் சேர்த்து 40,000-க்குப் போட்டால் சுமார் 4,15,400. நிறுவனம் எதை வைத்துக் கணக்குப் போடுகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். மீதிச் சம்பளத்தை, நீங்களாக விலகினாலும், இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பதும் இப்போதைய சட்டம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய ரசீதில் கையெழுத்துக் கேட்டால், பெற்றுக்கொண்ட தொகையை மட்டும் குறிப்பிட்டு, மற்ற உரிமைகள் நீங்கலாக என்று எழுதிப் போடுங்கள்.

வேறு வானொலியில் சேரக்கூடாது என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. 1980-ல் கிரிஷன் முர்காய் வழக்கிலும், 2006-ல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில்தான் போனது. நோட்டீஸ் காலம் முடியும்வரை மட்டும் போட்டி நிலையத்தில் மைக்கைத் தொடாதீர்கள். வேலையில் இருக்கும்போது அந்தத் தடை செல்லும். விளம்பரதாரர் பட்டியலையும் எடுத்துப் போகக்கூடாது.

நிகழ்ச்சியின் பெயர் நிலையத்துடையதுதான். அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய ஒலிப்பதிவுகளும் அவர்களுடையவை. ஆசையாக இருக்கும், ஆனாலும் அனுமதி இல்லாமல் யூடியூப்பில் ஏற்ற வேண்டாம். உங்கள் பெயர் அப்படியல்ல. அது உங்கள் சொந்தப் பெயர் என்றால், அதை நேர்மையாகப் பயன்படுத்துவதை வர்த்தகச் சின்னச் சட்டத்தின் 35-வது பிரிவு காக்கிறது. நிலையம் சூட்டிய பெயர் என்றால், அதை வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். அங்கே கொஞ்சம் பேரம் பேச வேண்டியிருக்கும்.

குரல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய நிகழ்ச்சியை அவர்கள் மறுஒலிபரப்பு செய்வது வேறு, நீங்கள் சொல்லாத வாக்கியத்தை உங்கள் குரலில் இயந்திரம் பேசுவது வேறு. 2015-ல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் ஒருவரின் பெயர், உருவம், பாணி ஆகியவற்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் பாதுகாப்புத் தந்தது. 2024-ல் பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அனுமதியில்லாமல் ஏ.ஐ. மூலம் குரலை நகலெடுக்க பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதனால்தான் அவர்கள் உங்களிடம் சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள். இனி எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும், அந்த வரியை அடித்துவிட்டுப் போடுங்கள். நிலையத்துக்கு அனுப்பும் கடிதத்தில், ஏ.ஐ. பயன்பாட்டுக்கு உங்கள் சம்மதம் இல்லை என்று தனியாக ஒரு பத்தி இருக்கட்டும்.

விடைபெறும் நிகழ்ச்சியைக் கட்டாயப்படுத்தி வாங்க எந்தச் சட்டமும் இல்லை. 18 வருடம் காலையில் கூடவே இருந்த நேயர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகச் சொல்வது அநியாயம். ஆனாலும் நீதிமன்றம் ஒலிபரப்பு நேரத்தை வாங்கித் தராது. பேச்சுவார்த்தையில் கேட்டு வாங்கலாம். அவர்களுக்குத் தேவை சச்சரவில்லாத வெளியேற்றம். உங்கள் வாசகத்தில் எழுதிய விலகல் கடிதம், கிராஜுவிட்டிக்கு ஒரு தேதி, வேறு நிலையத்தில் சேரத் தடையில்லை என்ற உறுதி, முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்த ஒரு மணி நேர நிகழ்ச்சி, எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தமாகக் கேளுங்கள். பதிவு செய்து தருகிறேன் என்றால் நேரலையில் ஏதாவது சொல்லிவிடுவீர்களோ என்ற அவர்கள் பயமும் போய்விடும். ஒலிபரப்பாகும் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.